பெனே இஸ்ராயேல்: ஒரு குலப்பெயரின் வரலாறு

கோலார் தங்கவயலில் ஊர்காம், சாம்பியன் ரீப்ஸ், மாரிக்குப்பம் ஆகியவற்றோடு சேர்த்து வழங்கப்பெறும் நந்திதுர்க், தன் சுரங்கத்தின் வாயிலாக நந்திமலைத் துர்க்கத்தின் பெயரைத் தாங்கி நிற்பது. அத்துர்க்கமோ, ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அரண் செய்து வைத்திருந்து, 1791-ஆம் ஆண்டு அக்டோபரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிடம் இழந்த கோட்டையாகும். அவ்விருவரும் கம்பெனியோடு பொருத மைசூர் யுத்தங்களின் காலத்திலேதான், 'பெனே இஸ்ராயேல்' என்னும் சொல் ஒரு சிப்பாயின் பிராணனைக் காத்தது என்று கொங்கண நாட்டு யூதர்கள் பரம்பரையாகச் சொல்லி வருகின்றனர்.

சாமுவேல் எசேக்கியேல் திவேகர் என்பார் கம்பெனியின் படையிற் சேவித்து, இரண்டாம் மைசூர் யுத்தத்திலே சிறைப்பட்டு, நின் குலம் யாதென்று வினவப்பட்டபோது அப்பெயரைச் சொன்னாராக, திருக்குர்ஆனிற் பயின்று வரும் 'பனூ இஸ்ராயீல்' என்னும் நாமத்தை நன்கறிந்திருந்த திப்புவின் அன்னையார் பெரிதும் வியந்து, அவரைக் கொல்லலாகாது என்று மகனிடம் வேண்டினார் என்பது அவ்வரலாறு. உயிர்தப்பி மீண்ட திவேகர் 1796-இல் பம்பாய் மாண்டவியில் ஒரு ஜெபாலயம் எழுப்பினார். அந்நகரத்து யூத ஆலயங்களுள் முதலாவது அதுவே.

எபிரேயத்தில் 'பென்' என்றால் மகன். பன்மையில் வேறொரு பெயரோடு சேருங்கால் 'பெனே' என்றாகும். நம்மவர் இட்டு வழங்கும் பென்யமீன் என்னும் பெயரிலும் அச்சொல்லே உள்ளது. அரபியின் 'இப்னு', 'பனூ' என்பவை அதன் உடன்பிறப்புகள். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதனை 'இஸ்ரவேல் புத்திரர்' என்று கூறும். ஆகவே, சுரங்க லைன்களில் அடுத்தடுத்து வாழ்ந்த தமிழ்க் கிறிஸ்தவரும் முஸ்லிமும், யூதர் எவரையும் கண்டறியாதிருந்தும், அவர்களுடைய குலப்பெயரைத் தத்தம் வேதங்களின் வாயிலாக அறிந்தேயிருந்தனர்.

கொங்கணத்து அயலாரோ அவர்களை அப்பெயரால் அழைக்கவில்லை. எண்ணெய் ஆட்டுவதைத் தொழிலாகக் கொண்டு, சனிக்கிழமையன்று செக்கை ஓட்டாது நிறுத்திவிடும் வழக்கமுடையோராதலின், 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர், என்றே ஊரார் அழைத்தனர். ஒன்று தொழிலையும் ஓய்வுநாளையும் கண்டு பிறர் இட்ட பெயர். மற்றொன்று அச்சமூகம் தன்னகத்தே பேணிய பெயர். இவ்விரட்டை வழக்கை அறிந்தவர்க்கு ஆப்பிரிக்காவின் செய்தி எளிதில் விளங்கும்.

எத்தியோப்பியாவில் கொண்டர் நகரையும் தானா ஏரியையும் அடுத்த மலைநாட்டில் வாழ்ந்த யூதரை அயலார் 'பலாஷா' என்றனர். இடம்பெயர்தல், நாடோடுதல் என்னும் பொருளுடைய கீஸ் மொழி வேரிலிருந்து வந்தது அது. 15-ஆம் நூற்றாண்டில் யிஸ்ஹாக் என்னும் மன்னன், ஞானஸ்நானம் பெறாதார்க்கு நிலவுரிமை இல்லை என ஆணையிட்டான் என்பது அந்நாட்டு மரபு. நிலமிழந்தோர் கொல்லுலையையும் குயத்தொழிலையும் நெசவையும் நம்பிப் பிழைத்தனர். ஆயினும், தம்மை அவர்கள் 'பேத்த இஸ்ராயேல்' என்றே சொல்லிக்கொண்டனர். 'பேத்' என்பது வீடு. பெத்லகேம், பெத்தேல் என்னும் ஊர்ப்பெயர்களிலும், பைத்துல்மால் என நம் முஸ்லிம்கள் வழங்கும் சொல்லிலும் அதனைக் காணலாம். நம் தமிழிலும் 'குடி' என்பது வசிக்கும் இல்லத்தையும் வழிவழி வந்த குலத்தையும் ஒருங்கே உணர்த்துவதால், 'இஸ்ராயேற்குடி' என்பதே அதற்கேற்ற மொழிபெயர்ப்பு என்பது என் அபிப்பிராயம்.

இரு சமூகத்தாரும் இஸ்ரேலில் குடியேற முயன்றபோது, தம் பெயர் தமக்குரியதே என்று மெய்ப்பிக்க வேண்டிய துன்பத்திற்கு ஆளாயினர். பெனே இஸ்ராயேலர் பலவாறு போராடிய பின்னரே, 1964-இல், எல்லா வகையிலும் முழு யூதர் என ஏற்கப்பட்டனர். எத்தியோப்பியரைத் தாண் கோத்திரத்தார் என்று தலைமை ரபி ஒவாதியா யோசேப் 1973-இல் தீர்ப்பளித்தார். 1991 மே மாதத்தில், இரண்டே நாட்களுக்குள், பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோர் விமானங்களில் கொண்டு செல்லப்பட்டனர்.

உகாண்டாவிலே, 1919-இல் செமெய் கக்குங்குலு என்னும் தலைவர் வேதத்தைத் தாமே ஆழ்ந்து பயின்று யூத நெறியைத் தழுவ, அவரைப் பின்பற்றியோர் 'அபயுதாயா', அதாவது யூதாவின் மக்கள், என்று பெயர்பூண்டனர். இடி அமீனின் தடையையும் தாங்கி அச்சமூகம் இன்றும் ம்பாலே நகரருகே வாழ்கின்றது. இதனை விநோதமெனத் தள்ளுதல் தங்கவயலாருக்கு அடாது. தம்மேற் சுமத்தப்பட்ட சாதிப்பெயரை மறுத்து, அயோத்திதாச பண்டிதரின் வழியில் தம்மைப் பூர்வ பௌத்தர் என்று அழைத்துக்கொண்டு, மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட மக்களின் சந்ததியார் அல்லரோ இவர்கள்?

அண்டைத் தெலுங்கு நாட்டிலும், குண்டூருக்கு அருகே கொத்தரெட்டிபாலத்தில், மாதிகர் சமூகத்துக் குடும்பங்கள் சில, எப்பிராயீம் கோத்திரத்தாராகத் தம்மைக் கருதி, 'பெனே எப்பிராயீம்' என்னும் பெயர் தாங்கி, சனிக்கிழமை ஓய்வைக் காத்து, எபிரேயம் பயில்கின்றன. 1964-ஐயும் 1973-ஐயும் போன்றதோர் ஆண்டு அவர்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை.