ஏட்டுப் பெட்டியும் வாவிக் காற்றும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வைகாசிச் சடங்கிற் பாடப்பெறும் கண்ணகி வழக்குரையும், பரம்பரை வைத்தியரின் வாகடங்களும், ஆலய உரிமைகளைக் கூறும் பாடல்களும் அச்சேறுமுன் ஓலைச்சுவடிகளிலேயே வாழ்ந்திருந்தன. பதப்படுத்தி உலர்த்திய பனையோலையில் எழுத்தாணியாற் கீறி, கரிமை தடவி எழுத்தைத் துலக்கி, துளையிற் கயிறு கோத்து, இரு மரச்சட்டங்களுக்கிடையே இறுகக் கட்டிப் பெட்டியில் வைத்தாலும், வாவியின் ஈரக்காற்றும் கறையானும் ஏட்டை விட்டுவைப்பதில்லை. ஆதலால் ஓலை நலியுமுன் புதிய ஓலையிற் பிரதிசெய்து கொள்வதே பிரதான சம்ரட்சணையாயிற்று. மருந்தும் மந்திரமும் கூறும் ஏடுகளோ குடும்ப இரகசியமாதலின், அந்நியர் கைக்கு எளிதிற் செல்லா. அந்த இரகசியத்தை நான் குறைகூறேன். பிணியாளர் நலத்துக்கும் குலத்தொழிலின் கௌரவத்துக்கும் அது அரணாயிருந்தது. ஆயினும் ஒற்றைப் பிரதியை ஒரே கூரையின்கீழ் வைத்ததுதான் பேராபத்து.

1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தமையால், ஏட்டிலிருந்த சரித்திரம் பல இல்லங்களிற் பரவிற்று. 1978 நவம்பரிற் சூறாவளியும், 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கியபோது, வீட்டோடு காணி உறுதிகளும் குடும்பப் படங்களும் போயின. இன்று அத்தகைய ஆவணங்களை எண்ணிமப் பிரதியாக்கி, மறைகுறியிட்டு, கடலுக்கு எட்டாத தூரத்துச் சேமிப்பகத்தில் வைக்கலாம். சேமிப்பகத்தாரும் படிக்கவியலாதபடி திறவுகோலை உரியவரே வைத்துக்கொள்ளலாம். பொதுவிற் பகிரத்தக்க ஈழத்து நூல்களுக்கோ, 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் உலகெங்கும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.