பிட் ஸ்ட்ரீட் எங்கே இருக்கிறது?

பினாங்கில் படித்து முடித்த முப்பது வயதுக்காரர் யாரிடமாவது 'ஃபோலியோ' என்று சொல்லிப் பாருங்கள். ஒரு சிரிப்பு வரும், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு. பி.எம்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் (1993 – 2013) வரலாற்றுக்கும் புவியியலுக்கும் செய்பணி செய்தவர்கள் அவர்கள். உள்ளூர்க் கட்டடம் ஒன்றையோ ஊரையோ ஆராய்ந்து எழுத வேண்டும். காகிதத்தில் இது அருமையான யோசனை. நடந்தது என்ன? போன வருடம் அண்ணன் செய்தது, இணையத்தில் கிடைத்த நாலு பக்கம், வண்ண அட்டை, சுருள் பைண்டிங். "எத்தனை பக்கம் வேணும் டீச்சர்?" என்பதுதான் முதல் கேள்வி. பல நேரம் கடைசிக் கேள்வியும் அதுதான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தேடச் சொன்னார்கள், எப்படித் தேடுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தர இரண்டு பேர் வேண்டும் என்பது என் கட்சி.

ஓர் உதாரணம். ஜார்ஜ் டவுனில் இருக்கும் ஒரு மாணவி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பற்றி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. அவள் தெருப் பெயரைத் தட்டுகிறாள்: ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். காலனியக் காலத்துச் செய்தி எதுவும் வராது. அப்போது அந்தத் தெருவுக்குப் பெயர் பிட் ஸ்ட்ரீட். சரி, 'தமிழ் முஸ்லிம்' என்று தேடலாமா? அதுவும் உதவாது. அன்றைய ஆங்கிலப் பத்திரிகைக்காரன் 'சூலியா' என்று எழுதினான், 'கிளிங்' என்று எழுதினான்.

ஒரே பொருளுக்குப் பல பெயர் உண்டு, பழைய பெயரைப் போட்டால்தான் பழைய தாள் திறக்கும் என்பது நூலகருக்குத் தெரிந்த வித்தை. நூலகப் பட்டியலில் 'இதைக் காண்க, அதைக் காண்க' என்று போடுவதெல்லாம் இதற்குத்தான். ஆனால் நூலகர் சொல்லை மட்டும் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? 'கிளிங்' என்ற சொல் அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தில் அறையும். பள்ளிக்கூடத்துச் சண்டையில் அவள் கேட்டிருக்கக்கூடிய வசைச்சொல் அது. கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரு சொல், துறைமுகத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் சாதாரணப் பெயராக இருந்து, பிறகு எப்படி அவமானமாக மாறியது? இதை வரலாற்று ஆசிரியர்தான் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். ஆசிரியர் மட்டும் இருந்தால் கதை கிடைக்கும், தாள் கிடைக்காது. நூலகர் மட்டும் இருந்தால் தாள் கிடைக்கும், அதைத் தாங்கும் தெம்பு கிடைக்காது.

தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. பாட்டி 'தண்ணீர்மலை' என்பார். பழைய ஆங்கிலத் தாளில் 'வாட்டர்ஃபால் ரோடு'. இன்றைய பலகையில் ஜாலான் கெபுன் பூங்கா. மூன்று சொல்லும் தெரிந்தவள் வீட்டிலேயே பாதி ஆராய்ச்சியை முடித்துவிட்டாள். அது ஆராய்ச்சிதான் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வகுப்பறையும் நூலகமும் ஒரே ஆளிடம் சந்தித்த கதை நம்மிடம் இருக்கிறது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர், ஆரம்பத்தில் அந்த அமைதி பொறுக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார். நல்லவேளை, திரும்பவில்லை. 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகளைப் படித்தால், அலமாரியைப் பார்த்து எழுதியதாகத் தோன்றாது. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஒருவனைப் பார்த்து எழுதியது போலத்தான் இருக்கும். வாத்தியார் புத்தி போகவில்லை.

பினாங்குக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1975இல் 'வெறுங்கால் நூலகர்' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூல் வந்தது. தென்கிழக்காசிய நூலக வளர்ச்சியை, குறிப்பாக மலேசியாவை முன்வைத்துப் பேசிய நூல். எழுதிய மூவர்: விஜயசூரியா, லிம் ஹக் டீ, ராதா நடராஜா. இவர்களில் லிம், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நூலகர். சீனக் கிராமங்களில் நடந்து திரிந்த வெறுங்கால் மருத்துவரை நினைவூட்டும் தலைப்பு அது. நூலகர் மேசையை விட்டு எழுந்து நடக்க வேண்டும் என்ற ஆசை அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது.

நடந்தாரா? 1980களில் பள்ளி நூலகங்கள் 'வள மையம்' ஆயின. பொறுப்பாளருக்கு 'நூலக ஊடக ஆசிரியர்' என்று பெயர் வந்தது. பெயரிலேயே இரண்டு வேலையும் இருக்கிறது. நடைமுறையில், பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகள் போன்ற இடங்களில், பெரும்பாலும் அது பாடம் நடத்தும் ஒருவர் தலையில் ஏறும் இன்னொரு சுமை. காலையில் கணிதம், மதியம் புத்தகத்துக்கு எண் ஒட்டுவது. இவர் வேறொரு ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு கேள்வியை எப்போது தயாரிப்பார்?

1999இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. நூலகரும் ஆசிரியரும் சேர்ந்து வேலை செய்தால் மாணவர் கற்றல் உயர்கிறது என்று யுனெஸ்கோவின் பள்ளி நூலக அறிக்கை சொன்னது. அதே ஆண்டு மலேசியாவில் 'நீலாம்' வாசிப்புத் திட்டம் தொடங்கியது. நீலாம் நிறையப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அது எண்ணியது படித்த புத்தகங்களை. எழுந்த கேள்விகளை எண்ண அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

பி.எம்.ஆர். போய், அதன் இடத்தில் வந்த பி.டி.3உம் 2022இல் போய்விட்டது. ஃபோலியோவை அடித்துச் சேர்த்த கைகளுக்கு இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. பைண்டிங் செலவு மிச்சம்.

இரண்டு பேரும் ஒரு பீரியட் சேர்ந்து நின்றால் எங்கே தொடங்கலாம்? எல்லாருக்கும் தெரிந்த பிரான்சிஸ் லைட்டிலேயே தொடங்கலாம். அவர் இங்கே கரையிறங்கியது 1786 ஜூலை 17. கொடியேற்றித் தீவை எடுத்துக்கொண்டதாக அறிவித்தது ஆகஸ்ட் 11. சில புத்தகம் ஒன்றைச் சொல்லும், சில மற்றதை. நூலகர் இரண்டு புத்தகத்தையும் மேசையில் விரித்து வைக்கிறார். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் நிற்கிறார். முன்வரிசையிலிருந்து "சார், பரீட்சைக்கு எதை எழுதுறது?" என்று நிச்சயம் ஒரு குரல் வரும். கொஞ்சம் பொறுத்தால் பின்வரிசையிலிருந்து இன்னொன்று வரலாம்: "அப்போ நடுவுல அந்த இருபத்தஞ்சு நாளு இங்க இருந்தவங்க என்ன சார் செஞ்சாங்க?"