கூனியின் உண்டையும் இயாகோவின் கைக்குட்டையும்

ஒத்தெல்லோவையும் கம்பனின் அயோத்தியா காண்டத்தையும் ஒரே மாசத்துல அடுத்தடுத்து படிச்சேன். திட்டமிட்டு இல்லை, தற்செயல்தான். படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. வத்தி வைக்கிறவனுக்குக் காரணம் வேணுமா, வேண்டாமா?

ஷேக்ஸ்பியர் இந்தக் கதையைச் சொந்தமாக உருவாக்கவில்லை. சிந்தியோ என்ற இத்தாலிக்காரர் 1565-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தார். அதில் இயாகோ என்ற பெயரே கிடையாது, வெறும் கொடி பிடிக்கும் அதிகாரி. தளபதியின் மனைவி மேல் அவனுக்கு ஆசை. அவள் கண்டுகொள்ளவில்லை. ஆசை வன்மமாகிறது. அவ்வளவுதான், காரணம் சுத்தமாக இருக்கிறது. கைக்குட்டையையும் அவனே திருடுகிறான். எப்படி தெரியுமா? தன் மூன்று வயதுக் குழந்தையை அவள் கையில் கொடுத்து, அவள் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது இடுப்பிலிருந்து உருவிவிடுகிறான். நாடகத்தில்கூட இவ்வளவு அருவருப்பான காட்சி இல்லை.

ஷேக்ஸ்பியர் அந்தக் காரணத்தைப் பிடுங்கிவிட்டார். 1604 நவம்பரில் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்ட நாடகத்தில் இயாகோ பதவி உயர்வு கிடைக்கலை என்கிறான். என் மனைவியோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு என்று ஊர் பேசுகிறது என்கிறான். தெஸ்டிமோனா மேல் எனக்கும் ஆசைதான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் மறந்துபோகிறான். காரணங்கள் கூடக்கூட எதையும் நம்ப முடியவில்லை.

கம்பர் செய்தது இதற்கு நேர்மாறு! வால்மீகியின் மந்தரை கைகேயியின் பிறந்தகத்துப் பணிப்பெண். மாடத்தில் ஏறி நகரம் அலங்கரிக்கப்படுவதைப் பார்க்கிறாள், பற்றி எரிகிறாள். தன் எஜமானியின் நிலைமை என்ன ஆகும் என்பதுதான் அவள் கவலை. கம்பரோ சிறுவயதில் ராமன் அவள் மேல் எறிந்த வில்லுண்டையை இங்கே நினைவுபடுத்துகிறார். இது கம்பரின் கற்பனை மட்டுமில்லை. கூனியின் கூனில் உண்டை அடித்த செய்தி திருமழிசையாழ்வாரின் திருச்சந்த விருத்தத்திலேயே உண்டு. ஆழ்வாருக்கு அது குழந்தையின் விளையாட்டு. கம்பருக்கு ஒரு பெண் பல வருஷம் சுமந்த அவமானம். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. ராமனை அவதாரமாகப் பாடும் கவி, அவன் பக்கத்துத் தப்பையும் மறைக்காமல் சொல்கிறார்.

இருவரின் வேலை முறையும் வேற வேற. இயாகோ எதையும் நேராகச் சொல்வதில்லை. பாதி சொல்லி நிறுத்துவான், சொல்லத் தயங்குவான், கடைசியில் ஒத்தெல்லோதான் கெஞ்சிக் கேட்கவேண்டும். கூனிக்கு அந்த நாசூக்கெல்லாம் இல்லை. தூங்குகிறவளை எழுப்பி முகத்துக்கு நேரே பேசுகிறாள். மகிழ்ச்சியில் கைகேயி கொடுத்த மாலையைத் தரையில் எறிகிறாள். கைகேயி கோபப்பட்டு விரட்டியும் போகவில்லை, காலில் விழுந்து தொடர்கிறாள். அப்போதுதான் அந்த அஸ்திரம்: உன் கணவனுக்குப் பயந்துதான் சீதையின் தந்தை உன் தந்தையை விட்டுவைத்திருக்கிறான், நாளை அவன் மருமகன் அரசனானால்? பிள்ளைப் பாசத்தில் அசையாதவள் பிறந்தகம் என்றதும் அசைகிறாள். ஆனாலும் தேவர்களின் மாயையும் சேர்ந்துதான் அவள் மனம் திரிந்தது என்று கம்பர் ஒரு வழி வைக்கிறார். ஒத்தெல்லோவுக்கு அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை.

பத்து வருஷம் முன்னால், வேலை பார்த்த இடத்தில் ஒருத்தர் என் நண்பனைப் பற்றி என்னிடம் இப்படித்தான் பாதி பாதியாகச் சொன்னார். நானேதான் மீதியைக் கேட்டு வாங்கினேன். நண்பனோடு இரண்டு வருஷம் பேசவில்லை. சொன்னதில் ஒண்ணும் உண்மையில்லை என்று பிறகு தெரிந்தது. ஏன் சொன்னீங்க என்று அவரிடம் கேட்டபோது தோளைக் குலுக்கினார். உண்மையாகவே அவருக்கே தெரியாதோ என்னவோ.

நாடகத்தின் முடிவில் ஒத்தெல்லோவும் இதையேதான் கேட்கிறான், ஏன் செய்தாய் என்று. இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான் இயாகோ. வால்மீகியில் மந்தரையைச் சத்ருக்னன் தரதரவென்று இழுத்துப் போகிறான். பெண்ணைக் கொன்றால் ராமன் நம்மோடு பேசமாட்டான் என்று பரதன் தடுக்கிறான். அவளை விட்டுவிடுகிறார்கள். ஏன் செய்தாய் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.