தனித்தொகுதி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 2006 சட்டமன்றத் தேர்தல் வரை ராஜபாளையம் தனி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொது. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்ததில் அது தலைகீழாயிற்று. 2011 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தனி, ராஜபாளையம் பொது. இரண்டையும் உள்ளடக்கிய தென்காசி மக்களவைத் தொகுதியும் தனிதான். ஆக, ராஜபாளையத்து வாக்காளர் கோட்டைக்கு ஆள் அனுப்பும்போது பொதுத்தொகுதிக்காரர், டெல்லிக்கு அனுப்பும்போது தனித்தொகுதிக்காரர்.

'தொகு' என்ற வினையிலிருந்து வந்தது தொகுதி. திரட்டியது, கூட்டம் என்று பொருள். சிக்கல் 'தனி'யில் இருக்கிறது. தனித்தமிழ், தனிப்பெருமை என்கிறபோது அது உயர்த்துகிறது. தனிக்குவளை, தனிச்சுடுகாடு என்கிறபோது தள்ளிவைக்கிறது. தேர்தல் பேச்சில் இந்த இரண்டாம் வாடைதான் அதிகம் அடிக்கிறது.

வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கேட்டது உண்மையிலேயே தனியான தொகுதி: ஒடுக்கப்பட்ட மக்கள் மட்டும் வாக்களித்துத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது. சென்னையின் எம்.சி.ராஜா அதை ஏற்கவில்லை. எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கட்டும், இடங்களை மட்டும் ஒதுக்குங்கள் என்று 1932இல் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டார். ஒரே மக்களுக்காகப் பாடுபட்டவர்கள், இரண்டு வழிகள். அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தனி வாக்குரிமையை அறிவித்தது. அதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சபைகளில் 71 என்றிருந்த இடங்கள் 148 ஆயின. தனி வாக்கு போயிற்று. இன்று நாம் தனித்தொகுதி என்று சொல்வது அன்று கிடைத்ததைத்தான், கைநழுவியதை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊர் முழுவதும் சேர்ந்துதான் வாக்களிக்கிறது. ஒதுக்கப்பட்டது வேட்பாளராக நிற்கும் உரிமை மட்டுமே.

விடுதலைக்குப் பின் முதல் இரண்டு தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. பொது இடமும் ஒதுக்கிய இடமும் ஒரே தொகுதிக்குள். 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்ற வி.வி.கிரி உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. 1961இல் அந்த முறையையே ஒழித்துச் சட்டம் வந்தது. தொகுதியே முழுதாகத் தனியானது அப்போதுதான். 'இங்க நம்மாளு நிக்க முடியாதே' என்ற குறையும் அதிலிருந்துதான் வலுப்பெற்றது.

அந்தக் குறையில் ஒரு நியாயம் உண்டு: மறுவரையறை நடக்கும் வரை, பல பத்தாண்டுகளுக்கு, ஒரே ஊர் தனியாக நீடிக்கிறது. 'பத்து வருசத்துக்குத்தானே கொடுத்தார்கள்' என்பது மற்றொரு வாதம். சட்டமன்ற, மக்களவை இடங்களுக்குத்தான் அரசியலமைப்பின் 334ஆம் உறுப்பு அந்தக் கெடுவை வைத்தது; இப்போது அது 2030 ஜனவரி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் அப்படியொரு கெடு எழுதப்படவே இல்லை.

எதிர்ப்பக்கத்து மனக்குறை இதைவிட ஆழமானது. எல்லோர் வாக்கையும் நம்பி வெல்கிறவர் தன் மக்களுக்காக எப்படி வாய் திறப்பார் என்று 1982இல் கான்ஷிராம் ஒரு நூலே எழுதினார். அவர் கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை. ஆனாலும் ஒதுக்கீடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ராஜபாளையம் இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே கொட்டகச்சியேந்தலிலும், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. மேலவளவில் வென்று பதவியேற்ற முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். சட்டம் ஒதுக்கித் தந்த நாற்காலியிலேயே உட்கார விடாதவர்கள், ஒதுக்காவிட்டால் விட்டுத் தருவார்கள் என்று நான் நம்பவில்லை.

இத்தனையிலும் நாம் ஆராயாத சொல் 'பொது'. பொதுத்தொகுதியில் பட்டியல் சாதியினர் நிற்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. பெரிய கட்சிகள் நிறுத்துவதுதான் அரிது. 234இல் 44 தொகுதிகள் அவர்களுக்கு என்றால், மிச்சமெல்லாம் மற்றவர்களுக்கு என்றே கணக்குப் போடுகிறார்கள். 2021இல் திருப்போரூர் என்னும் பொதுத்தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகளின் எஸ்.எஸ்.பாலாஜி நின்று வென்றார். ராஜபாளையத்திலும் அப்படியொருவரைப் பெரிய கட்சிகள் நிறுத்த வேண்டும் என்று கேட்கிறேன். பட்டியல் சாதி உறுப்பினர்களைப் பல தேர்தல்களில் கோட்டைக்கு அனுப்பிய ஊர் அது.