கூடு மாட்டியும் சிட்டுக்குருவி வரலையா? பேரிகை, ஓசூர் பக்கம் இருக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை!

மார்ச் 20, உலக சிட்டுக்குருவி தினம். அன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க குருவிதான். மரக்கூடும் நன்றாகவே விற்பனையாகிறது. ஆசையாக வாங்கி வந்து வாசலில் மாட்டியாச்சு. ஆனால் ஆறு மாதமாகியும் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை என்கிறார்கள் பலர். கூட்டில் தப்பா, மாட்டிய இடத்தில் தப்பா? விளக்கமாகப் பார்க்கலாம்.

குருவிக்கு நாம் ஏன் வீடு கொடுக்கணும்?

காக்கா மாதிரி மரக்கிளையில் கூடு கட்டும் பழக்கம் சிட்டுக்குருவிக்கு ரொம்பக் குறைவு. அதற்குத் தேவை ஒரு பொந்து. நாட்டு ஓட்டுக்கு அடியில் இருக்கும் சந்து, கூரையின் இறவாணம், சுவரில் மாட்டிய சாமி படத்தின் பின்பக்கம் என மனிதர்கள் கட்டிய வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்திய பறவை அது. இப்போது ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் தளம் போடுகிறோம். புது வீட்டில் சந்தும் இல்லை, பொந்தும் இல்லை. அந்த இடத்தைத்தான் மரக்கூடு ஈடுகட்டுகிறது.

சிட்டுக்குருவி நிஜமாவே அழிஞ்சு போச்சா?

இல்லை. நாடு முழுக்க பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த தகவல்களை வைத்து 2020-ல் 'இந்தியப் பறவைகளின் நிலை' என்ற அறிக்கை வெளியானது. கடந்த 25 ஆண்டுகளில் நாட்டளவில் சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது என்கிறது அது. குறைந்திருப்பது பெங்களூரு, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில். '2.0' படம் பார்த்தவர்கள் உடனே செல்போன் டவரைச் சொல்வார்கள். ஆனால் குருவி குறைய டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

பேரிகை ஏன் முக்கியம்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையில், மாலூர் போகும் வழியில் இருக்கிறது பேரிகை. தமிழில் சிட்டுக்குருவி, கன்னடத்தில் குப்பச்சி, தெலுங்கில் பிச்சுக என மூன்று மொழியிலும் இந்தப் பறவைக்குப் பேர் இருக்கும் ஊர்ப்பக்கம் இது. ஒரு பக்கம் ராகிக் காடு, தக்காளித் தோட்டம். இன்னொரு பக்கம் 2019-ல் மாநகராட்சியான ஓசூரின் தொழிற்சாலைகள். பெங்களூருவில் நடந்த மாற்றம் இந்தச் சாலை வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. போன குருவியைத் திரும்ப வரவைப்பதைவிட, இருக்கிற குருவியைத் தக்கவைப்பது சுலபம்.

கூடு எப்படி இருக்கணும்?

* வாசல் துளை: 32 மி.மீ., அதாவது ஒண்ணேகால் இன்ச். 10 ரூபாய் காயினை விடக் கொஞ்சம் பெரிசு. அதற்கு மேல் போனால் மைனா புகுந்துவிடும்.
* அளவு: அடிப்பாகம் சுமார் 15 செ.மீ. சதுரம், உயரம் 20 செ.மீ.-க்கு மேல். துளை மேல்பகுதியில் இருக்கணும். கீழே இருந்தால் குஞ்சு வெளியே விழும். பூனையும் கையை விடும்.
* அடியில் 2, 3 சின்ன ஓட்டை: உள்ளே போகும் தண்ணீர் வடிய.
* உள்ளே பெயின்ட், வார்னிஷ் வேண்டாம். தகரமும் வேண்டாம், வெயிலில் கொதிக்கும்.
* துளைக்கு முன்னால் உட்காரும் குச்சி தேவையில்லை. குருவிக்கு அது இல்லாமலே முடியும், எதிரிக்குத்தான் வசதி.

எங்கே மாட்டணும்?

தரையிலிருந்து 8 முதல் 12 அடி உயரத்தில், சன்ஷேடுக்குக் கீழே, மத்தியான வெயிலும் சாரலும் நேராகப் படாத சுவரில் மாட்டுங்கள். ஆடாமல் இறுக்கமாக இருக்கணும். சீலிங் ஃபேன் சுற்றும் அறைக்குள் வேண்டவே வேண்டாம். சிட்டுக்குருவி கூட்டமாக வாழும் பறவை என்பதால், ஒன்றுக்குப் பதில் சற்று இடைவெளி விட்டு 2, 3 கூடுகள் வைப்பது நல்லது.

கூடு மட்டும் போதுமா?

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். பெரிய குருவி தானியம் தின்னும். ஆனால் பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் புழு, பூச்சிதான் சாப்பாடு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த ஆய்வில், பூச்சி கிடைக்காத இடங்களில் குஞ்சுகள் கூட்டுக்குள்ளேயே பட்டினியால் இறந்தது தெரியவந்தது. தக்காளிக்கும் ரோஜாவுக்கும் மருந்து அடிக்கும் நம்ம பகுதி இதைக் கவனிக்கணும். வீட்டுச் செடிக்காவது பூச்சிமருந்தை நிறுத்துங்கள். மருதாணி, செம்பருத்தி மாதிரி அடர்ந்த செடி, மண்ணில் புரள ஓர் ஓரம், தட்டில் தண்ணீர். இவை இருந்தால் கூட்டுக்கு மதிப்பு. இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

அமெரிக்காவில் நேர் எதிர்!

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஊதா மார்ட்டின் என்ற தகைவிலான் இனப் பறவை, மனிதர்கள் வைக்கும் கூட்டை நம்பியே இனப்பெருக்கம் செய்கிறது. பூர்வகுடிகள் சுரைக்குடுக்கையைத் தொங்கவிட்டுத் தொடங்கிய பழக்கம் அது. அந்தக் கூடுகளைப் பிடுங்கிக்கொள்ளும் வில்லன் யார் தெரியுமா? 1850-களில் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க்குக்குக் கொண்டுபோய் விடப்பட்ட நம்ம சிட்டுக்குருவிதான்! அந்தந்த மண்ணின் பறவைக்குத்தான் கூடு தரவேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

முட்டை வெச்சாச்சு. அப்புறம்?

ஒன்றும் செய்யாதீர்கள், அதுதான் பெரிய உதவி. செல்ஃபி, எட்டிப் பார்ப்பது, கூட்டை நகர்த்துவது எதுவும் வேண்டாம். சுமார் 2 வாரத்தில் குஞ்சு பொரியும். அடுத்த 2 வாரத்தில் பறந்துவிடும். 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தக்குடியில், தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டது. குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் ஊரே தெருவிளக்கு போடாமல் இருந்தது. குடும்பம் காலி செய்த பிறகு பழைய வைக்கோலை எடுத்துச் சுத்தம் செய்தால், அடுத்த ஜோடிக்கு வீடு ரெடி.

கூடு வாங்கும் முன் ஒரு டெஸ்ட்

சிட்டுக்குருவி பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. அதனால் ஒரு வாரம், காலையில் உங்கள் தெருவிலும் பக்கத்து மளிகைக்கடை, மாவு மில் ஓரத்திலும் காது கொடுத்துக் கேளுங்கள். கீச்சுக் குரல் கேட்டால் தைரியமாகக் கூடு மாட்டலாம். கேட்கவில்லை என்றால் முதலில் செடியும் தண்ணீரும் வையுங்கள். மாட்டிய பிறகு ஒரு வருஷம்கூட ஆகலாம்; அவசரப்பட்டுக் கழற்றிவிடாதீர்கள்.