மலாயா ரப்பர் தோட்டங்களும் கங்காணி முறையும்

மலாயாவில் ரப்பர் பயிர் பரவிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் சேர்க்கும் பொறுப்பு பெரிதும் கங்காணிகளிடம் இருந்தது. கங்காணி என்பவர் அதே தோட்டத்தில் வேலை செய்து, துரையின் நம்பிக்கையைப் பெற்று, உரிமச் சீட்டுடன் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர் என்பதால், உறவினரும் ஊராரும் அவர் சொல்லை நம்பி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். 1907இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் தொகை திரட்டிப் பயணச் செலவை ஏற்றது. கங்காணி முறையுடன் அதுவரை நிலவிய ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் கைவிடப்பட்டது.

சட்டப்படி, கங்காணி வழி வந்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்புடன் விலக உரிமை இருந்தது. ஆனால், தம் ஆட்களில் அன்றன்று வேலைக்கு வந்தோரின் எண்ணிக்கைப்படி கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், விடியுமுன் நடக்கும் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, அனைவரையும் கொண்டுவந்து நிறுத்துவதில் அவருக்கு நேரடி ஆதாயம் இருந்தது. உறவே கண்காணிப்பாக மாறிய இந்தக் கொடுமையைச் ‘சுதந்திரத் தொழிலாளர்’ என்னும் அரசுச் சொல் மறைத்துவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவே, லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் குடும்பங்கள் வேரூன்றின. தோட்டந்தோறும் மாரியம்மன் கோயிலும், பல இடங்களில் தமிழ்ப்பள்ளியும் எழுந்தன. உதவிபெற்றுக் கூலிகளாகச் செல்வதை 1938இல் இந்திய அரசு தடைசெய்தபோது, மலாயாவிலேயே பிறந்து, வேறு ஊர் அறியாத தலைமுறை அங்கு வளர்ந்திருந்தது.