மறுநடவு மானியம்: மரம் சீவியவருக்கு எட்டாத பணம்

அரசாங்க மானியம் யாருக்குப் போய்ச் சேருகிறது? மலாக்கா தோட்டங்களின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

பாச்சாங் இன்று நகரத்தோடு கலந்துவிட்ட வட்டாரம். ஆனால், 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் நடத் தொடங்கிய புக்கிட் லிந்தாங், இதே மலாக்காவில்தான் உள்ளது. அரை நூற்றாண்டில் மலாயாவின் பால்மரங்கள் பல முதுமையடைந்தன; பால் குறைந்தது. செயற்கை ரப்பரும் போட்டிக்கு வந்தது.

ஆகவே, 1952ஆம் ஆண்டு மறுநடவு நிதி அமைந்தது. ஏற்றுமதியாகும் ரப்பருக்கு ராத்தலுக்கு 4.5 காசு தீர்வை. அந்தப் பணத்தில் தோட்டங்களுக்கு ஒரு நிதி. 100 ஏக்கருக்குக் குறைந்த சிறுதோட்டங்களுக்கு இன்னொரு நிதி. புதுக்கன்று பால் தர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை சிறுதோட்டக்காரர் தாக்குப்பிடிக்கத் தவணை முறையில் மானியம் கிடைத்தது. 1973ஆம் ஆண்டு இப்பொறுப்பை ரிஸ்டா ஏற்றது.

தீர்வை கட்டிய ரப்பரைச் சீவியவர்களில் பலர் தமிழர்கள். மானியமோ நிலத்தின் சொந்தக்காரருக்கு. லயத்தில் வாழ்ந்தவர்களிடம் நிலம் ஏது? 1950ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பலருக்கு வேலையோடு வீடும் பறிபோனது.

இந்நிலையில்தான், 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி சேமித்துப் பங்குதாரர்கள் ஆனார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது.

மானியம் நிலப்பட்டாவைத் தேடித்தான் வரும். அந்த 10 வெள்ளியின் அருமை அதுதான்.